மதினியின் கணக்கு நோட்டு

மதினியின் தேர்தல் செலவுக் கணக்கில் முதல் வரி, அந்தக் கணக்கு நோட்டின் விலைதான். "40 பக்க நோட்டு 1 – ரூ. 10." அடுத்த வரி, "பேனா – ரூ. 5." மூன்றாவது வரிக்கு வந்ததும் பேனாவைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டியில் எழுதுகிற பிள்ளை மாதிரி நிறுத்தி நிதானமாக எழுதினார்: "வைப்புத்தொகை – ரூ. 200."

இருநூறு ரூபாய்! கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலில் நிற்க 2019-இல் கட்ட வேண்டியிருந்த தொகை அவ்வளவுதான். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 100. பிரசிடெண்ட் பதவிக்கு 600. இரண்டு கிலோ நாட்டுக்கோழியை விடக் குறைந்த பணத்தில் ஒருவர் வேட்பாளர் ஆகிவிடலாம் என்பதை அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக உணர்ந்தேன். நோட்டின் அட்டையில் 9,000 என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டிருந்தார் மதினி. வார்டு மெம்பருக்கு நிற்பவர் அதற்கு மேல் செலவழிக்கக் கூடாது. "இந்த வட்டத்துக்குள்ளதான் பாப்பா நம்ம ஆட்டம்" என்றார்.

பத்திரிகை வேலைக்காகச் சட்டமன்றத் தேர்தல்களையும் நாடாளுமன்றத் தேர்தல்களையும் நெருங்கி நின்று பார்த்திருக்கிறேன். மைதானம் கொள்ளாத கூட்டங்கள், வரிசை வரிசையாகக் கார்கள். அவற்றில் ஒன்றில்கூட எனக்கு இப்படி நெஞ்சு படபடத்ததில்லை. சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை ஊர். அதில் நாலு தெரு கொண்ட ஒரு வார்டு. அதற்கு முதல்முறையாக நிற்கிற என் அண்ணன் மனைவி. சென்னையில் லீவு போட்டுவிட்டு மூன்று வாரம் அவர் கூடவே அலைந்தேன். 2025 ஜனவரியோடு அந்தப் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. அடுத்து நிற்கலாமா என்று யோசிக்கிற பெண்கள், "நிஜமா உள்ள என்னக்கா நடக்கும்?" என்று என்னைக் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே அந்த நோட்டை மறுபடி வாங்கிப் புரட்டினேன்.

மதினி ஏன் நின்றார் என்பது ஒரு குழாயின் கதை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர் முதல் தெருவில் பீறிட்டு அடிக்கும், இரண்டாவது தெருவில் ஓடும், மூன்றாவது தெருவில் சொட்டும். எங்கள் தெரு நாலாவது. சொல்லி அழ வார்டு மெம்பரும் இல்லை. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பழைய மெம்பர்களின் பதவிக்காலமும் முடிந்தது. அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். ஒரே அதிகாரி எத்தனையோ ஊர்களைப் பார்க்க வேண்டும். எங்கள் நாலாவது தெருக் குழாய் அவர் கண்ணில் படுமா? கிராம சபையில் ஒவ்வொரு முறையும் மதினி எழுந்து கேட்பார், மினிட் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள், அதோடு சரி. தேர்தல் அறிவிப்பு வந்தது. எங்கள் வார்டு "பெண்கள் – பொது" என்று பட்டியலில் இருந்தது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டத்திருத்தம் 2016-இல் வந்திருந்தது. அதன்படி நடந்த முதல் தேர்தல் இது. அன்று ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "நான் நிக்கலாம்னு இருக்கேன்" என்றார் மதினி. அண்ணன் கையில் இருந்த தோசை தட்டிலேயே விழுந்தது.

வேட்புமனு என்றால் ஒரு தாளை நிரப்பிக் கொடுப்பது என்று நினைத்திருந்தேன். ஆத்தி! முதலில் வீட்டு வரி. ஊராட்சிக்கு வரி பாக்கி வைத்திருப்பவர் நிற்க முடியாது. அதனால் டிசம்பர் 9-ஆம் தேதி மனு வாங்கத் தொடங்கியதுமே ஊராட்சி ஆபீஸ் வாசலில் வரி கட்டத்தான் முதல் கூட்டம். பல வருஷம் கட்டாமல் இருந்தவர்கள் எல்லாம் சில்லறையை எண்ணிக்கொண்டு நின்றார்கள். ஊராட்சிச் செயலரை எங்கள் ஊரில் இன்னும் 'கிளார்க்கு' என்றுதான் சொல்வார்கள். அந்தக் கிளார்க்கு ரசீது கிழித்துக் கிழித்துக் கை வலிக்கிறது என்றார், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. தேர்தல் என்ற பேச்சு எடுத்ததுமே ஊராட்சிக்குப் பணம் வந்துவிட்டதே!

அடுத்தது முன்மொழிபவர். அதே வார்டு வாக்காளர் ஒருவர் மதினியை முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதன் கனம் தெரியாது. ஓட்டு ரகசியம், யாருக்குப் போட்டோம் என்று யாருக்கும் தெரியாது. முன்மொழிகிற கையெழுத்து அப்படியில்லை. அது ஊர் அறிய ஒரு பக்கம் நிற்பது. எதிர்த்து நிற்பவரும் சொந்தக்காரர்தான், பால் வாங்குகிற வீடுதான், நாளைக்குக் கல்யாணத்தில் பக்கத்து இலையில் உட்காரப் போகிறவர்தான். மூன்று வீடுகளில், "ஓட்டு உனக்குத்தான் தாயி, கையெழுத்து மட்டும் வேணாம்" என்றார்கள். நாங்கள் சோர்ந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பணியாரம் விற்கிற அப்பத்தா தானாக வந்தார். "எங்கடி போடணும்?" என்று கேட்டுத் தாளை வாங்கினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர் அவர். பென்ஷன் தாளிலும் ரேஷன் கடையிலும் போட்ட அந்தக் கையெழுத்து, இப்போது ஒரு வேட்பாளரையே உண்டாக்கியது. ஒவ்வொரு எழுத்தையும் உச்சரித்துக்கொண்டே போட்டார். நான் அழுதேவிட்டேன்.

டிசம்பர் 16-ஆம் தேதி மனு கொடுக்கக் கடைசி நாள். அன்று எங்கள் வார்டுக்கு நாலு மனு. 17-ஆம் தேதி பரிசீலனை, எல்லாம் ஏற்கப்பட்டன. 19-ஆம் தேதி பிற்பகல் வரை வாபஸ் வாங்கலாம். இந்த இரண்டு நாள்தான் உள்ளாட்சித் தேர்தலில் யாரும் படம் எடுக்காத பகுதி, என்னைக் கேட்டால் மிகப் பெரிய பகுதியும் அதுதான்.

18-ஆம் தேதி சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் ஆறு பேர் வீட்டுக்கு வந்தார்கள். காபி சாப்பிட்டார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஊர் ஒத்துமையா ஒருத்தரைப் போட்டியில்லாம கொண்டுவந்தா நல்லாருக்கும்" என்றார் ஒரு மாமா. அந்த ஒருத்தர் மதினி இல்லை என்பது சொல்லாமலே புரிந்தது. இது எங்கள் ஊரின் தனிப் பழக்கம் இல்லை. அந்தத் தேர்தலில் 27 மாவட்டங்களில் 76,746 வார்டு உறுப்பினர் இடங்கள். அவற்றில் 18,137 இடங்களில் ஓட்டுப்பதிவே நடக்கவில்லை, போட்டியின்றித் தேர்வு. சில ஊர்களில் ஒருமனதாகக் கூடிப் பேசி நல்லவரைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள், மறுக்கவில்லை. சில ஊர்களில் பதவியைக் கோயிலுக்குப் பணம் என்று ஏலம் விட்ட செய்திகளும் அந்த மாதம் வந்தன. எப்படி நடந்தாலும் அங்கே ஒரு பெண் வீட்டுக்கு வீடு போய்த் தன் பெயரைச் சொல்லிக் கேட்கிற அந்த வாய்ப்பு போய்விடுகிறது. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மதினி நிலைப்படியில் நின்றபடி சொன்னார்: "மாமா, ஓட்டுப் போட்டு என்னைத் தோக்கடிச்சீங்கன்னா உங்க வீட்டுக்கே வந்து காபி குடிச்சிட்டுப் போவேன். வாபஸ் மட்டும் வாங்கச் சொல்லாதீங்க." மாமா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ புதுசாகப் பார்ப்பது போன்ற பார்வை. மறுநாள் ஒருவர் வாபஸ் வாங்கினார், மீதி மூன்று பேர்.

சின்னம்! இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கை காலெல்லாம் பரபரக்கிறது. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலும் தலைவர் தேர்தலும் கட்சி அடிப்படையில் நடப்பவை அல்ல. கட்சிச் சின்னங்கள் ஒன்றியக் குழுவுக்கும் மாவட்ட ஊராட்சிக்கும்தான். வார்டு மெம்பருக்கு வீட்டுச் சாமான்கள் மாதிரி ஒரு பட்டியல் இருக்கும், அதிலிருந்து கேட்க வேண்டும். மதினி முதலில் கேட்டது பூட்டு சாவி. மற்ற இரண்டு பேர் கேட்டதும் பூட்டு சாவி! சீட்டு எழுதிக் குலுக்கினார்கள். ஒரு எவர்சில்வர் டம்ளர், மடித்த மூன்று துண்டுத் தாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பூட்டு சாவி போய்விட்டது. அடுத்த விருப்பம் ஏணி, அதுவும் இன்னொருவருக்குப் போனது. மதினிக்கு வந்தது சீப்பு.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் கூடிப் பேசினோம். பூட்டு சாவி என்றால் "வீட்டைக் காக்கும்" என்று சொல்லலாம், ஏணி என்றால் "ஏற்றிவிடும்" என்று சொல்லலாம். சீப்பை வைத்து என்ன சொல்வது? மதினி பையிலிருந்து தன் சீப்பை எடுத்துப் பார்த்தார். "எத்தனை பல்லு இருந்தாலும் எல்லாம் ஒரே வரிசை. நாலு தெருவுக்கும் ஒரே தண்ணி. போதுமா?" என்றார். போதுமாவா? நான் துள்ளிக் குதித்தேன்.

உடனே ஒரு யோசனை வந்தது. வீட்டுக்கு ஒரு சீப்பு வாங்கிக் கொடுத்தால் என்ன? மொத்த விலைக்குக் கொஞ்சம்தான் ஆகும். அண்ணனின் சிநேகிதர் ஒருவர் கடை விசாரிக்கவே கிளம்பிவிட்டார். மதினி அவரைக் கையைப் பிடித்து நிறுத்தினார். ஐந்து ரூபாய்ச் சீப்பாக இருந்தாலும் வாக்காளருக்குப் பொருள் கொடுத்தால் அது லஞ்சம்தான், தேர்தல் குற்றம்தான். நோட்டில் அந்தச் செலவை எந்த வரியில் எழுதுவது என்று மதினி கேட்ட கேள்விக்கு எங்களில் யாருக்கும் பதில் இல்லை.

அச்சகத்தில் ஒரு வருத்தம். நோட்டீஸ் அடித்து வந்ததைப் பார்த்தால் அண்ணன் படம் பெரிதாகவும் மதினி படம் தபால்தலை அளவிலும் இருந்தது. "லேடீஸ் வார்டுன்னா இப்படித்தாம்மா எல்லாரும் போடுறாங்க" என்றார் கடைக்காரர். பெண் பெயரில் பதவி, புருஷன் கையில் கையெழுத்து என்ற பழக்கம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. முதல் நோட்டீஸிலேயே தொடங்கிவிடுகிறது! அண்ணனே முன்னால் வந்து, "என் படமே வேண்டாம், மறுபடி அடிங்க" என்றார். என் அண்ணனைப் பற்றி நான் அவ்வளவு பெருமைப்பட்ட நாள் வேறு இல்லை. மறு அச்சுக்கு ஆன 650 ரூபாயை மதினி சிவப்பு மையில் எழுதினார். அந்த ஒரு வரி மட்டும்தான் நோட்டில் சிவப்பு.

வாக்காளர் பட்டியலை நீங்கள் ஒரு நாவல் மாதிரி படித்திருக்கிறீர்களா? நாங்கள் படித்தோம். வீட்டு எண் வாரியாக, ராத்திரி பதினோரு மணி வரை, மண்ணெண்ணெய் அடுப்புக் காலத்திலிருந்து வீட்டில் இருக்கிற ஒரு மரப்பெட்டி மேல் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு. கல்யாணமாகிப் போன பெண்கள் இன்னும் தாய்வீட்டு எண்ணிலேயே இருந்தார்கள். இறந்துபோன சின்னையா உயிரோடு இருந்தார். அவர் பெயர் வந்ததும் மதினி கொஞ்ச நேரம் வாசிப்பதை நிறுத்திவிட்டார். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பவர்கள், சென்னையில் ஹோட்டலில் இருப்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று பென்சிலால் குறித்தோம். திருப்பூரில் இருப்பவர்களுக்கெல்லாம் மதினி போன் போட்டுப் பேசினார். பஸ் காசு கொடுத்துக் கூட்டிவரவும் கூடாது. "உன் தெருத் தண்ணிக்கு நீதான்டா வரணும்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது கோலத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையையே அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அது மார்கழி மாதம். பகலில் வீட்டுக்கு வீடு போனால் பெண்கள் பாதிப் பேர் வயலிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பார்கள். சாயங்காலம் போனால் சமையல், பிள்ளைகள், டி.வி. ஆனால் மார்கழியில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஊரில் உள்ள அத்தனை பெண்களும் எங்கே இருப்பார்கள்? வாசலில்! மதினிக்கு இது சட்டென்று உறைத்தது. மைக் வேண்டாம், ஆட்டோ வேண்டாம். ஒலிபெருக்கிக்குக் காலை ஆறு மணி வரை தடை, ஆனால் பேசுவதற்கு என்ன தடை? தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, டார்ச் லைட்டோடு, கிண்ணத்தில் கோலமாவை எடுத்துக்கொண்டு போவார். ஓட்டு என்றே தொடங்க மாட்டார். "இந்தப் புள்ளியை இப்படி இழுத்தா நல்லாருக்கும்ல" என்று குனிந்து இரண்டு இழை போட்டுக் கொடுப்பார். பிறகுதான் பேச்சு. சாணிப் பிள்ளையார் மேல் பூசணிப்பூ வைத்துக்கொண்டே அந்தப் பெண்கள் சொன்ன குறைகளை எந்தப் பொதுக்கூட்டத்திலும் கேட்க முடியாது. ராத்திரி வெளிக்குப் போகிற பாதையில் விளக்கு இல்லை. அங்கன்வாடிக் கூரை ஒழுகுகிறது. புருஷன் இறந்து ஒரு வருஷமாகியும் பென்ஷன் வரவில்லை. நான் டார்ச் பிடிக்க, மதினி நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டே வந்தார். முன்பக்கம் செலவு, பின்பக்கம் குறைகள்.

நாலாவது நாள் விடியற்காலை. பனி. மூன்றாவது தெருவுக்குள் டார்ச்சைத் திருப்பியதும் மதினி அப்படியே நின்றுவிட்டார். ஒரு வாசலில், நெளிக்கோலத்துக்குப் பக்கத்தில், காவி பூசி ஒரு சீப்பு! பற்கள் எல்லாம் ஒரே அளவில், ஒரே வரிசையில். நாங்கள் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. அந்த வீட்டுப் பெண் கதவோரம் நின்று சிரித்தாள். மறுநாள் ஐந்து வாசலில் சீப்பு. அதற்கும் மறுநாள் இரண்டாவது தெருவில் ஏணிக் கோலம் முளைத்தது, முதல் தெருவில் பூட்டு சாவி, அதுவும் தேர்க்கோலத்துக்கு நடுவில் அத்தனை அழகாக! எதிரி சின்னம்தான், ஆனாலும் மதினி அதை மிதிக்காமல் சுற்றிப் போனார். "யாரு போட்டது? புள்ளி கணக்குத் தப்பாம வந்திருக்கு பாரு" என்று பாராட்டிவிட்டுத்தான் நகர்ந்தார். டிசம்பர் 25 மாலை ஐந்து மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது. அதுவரைக்கும் எங்கள் வார்டில் நடந்த உண்மையான போட்டி தரையில்தான் நடந்தது, கோலமாவால் நடந்தது.

27-ஆம் தேதி முதல் கட்ட வாக்குப்பதிவு. ஊராட்சித் தேர்தலில் அப்போது மின்னணு இயந்திரம் இல்லை, வாக்குச்சீட்டும் பெட்டியும்தான். முந்தின நாள் சாயங்காலமே பெட்டியோடு வந்த அலுவலர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அவர்களுக்கு இட்லி கொடுத்து அனுப்ப வேண்டும் என்று மதினிக்குத் தவிப்பு. வேட்பாளர் வீட்டுச் சாப்பாடு அவர்களுக்குப் போகக் கூடாது என்று அண்ணன் தடுத்தார். அலுவலராக வந்து பெஞ்சு மேல் படுத்திருந்த ஒரு டீச்சரம்மாவை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து, "பாவம், கொசு கடிக்குமே" என்று மதினி புலம்பிக்கொண்டே இருந்தார்.

காலை ஏழு மணிக்கு முன்னால் காலிப் பெட்டியைக் கவிழ்த்து முகவர்களுக்குக் காட்டி, சீல் வைத்தார்கள். முகவராக உள்ளே இருந்த அண்ணன் வந்து சொன்னதுதான் இது. ஒவ்வொருவர் கையிலும் நாலு சீட்டு. வார்டு மெம்பருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழுவுக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சிக்கு மஞ்சள். நாலிலும் முத்திரை குத்தி, நாலையும் மடித்துப் பெட்டியில் போட வேண்டும். வயசானவர்கள் மறைப்புக்குள் போனால் சீக்கிரம் வெளியே வருவதில்லை. பணியார அப்பத்தா உள்ளே போய் எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? வெளியே வரிசையில் இருந்தவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். அவர் வெளியே வந்து மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டி, "நாலையும் படிச்சுப் பார்த்துல்லடா குத்தணும்!" என்றார். வரிசை கப்சிப். திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த பையன்கள் மத்தியானம் வந்து சேர்ந்தபோது மதினி சாவடிப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று யாருக்கும் தெரியக் கூடாதாம்.

ஆறு நாள் காத்திருப்பு. இரண்டாம் கட்டம் 30-ஆம் தேதி முடிந்து, ஜனவரி 2-ஆம் தேதிதான் எண்ணிக்கை. அந்த ஆறு நாளும் மதினி வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரங்களையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்.

எண்ணிக்கை முகவராக அடையாள அட்டையோடு உள்ளே போனது நான். நண்பர்களே, வாக்குப்பெட்டியைக் கவிழ்க்கிற அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும்! வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் கலந்து, பங்குனித் திருவிழாவில் தேருக்குத் தூவிய பூ மாதிரி மேஜை மேல் குவிகிறது. எண்ணுவதற்கு முன்னால் நிறம் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டையும் பிரித்து, நிறவாரியாக அடுக்கி, கட்டுக் கட்டி, அதற்குப் பிறகுதான் யாருக்கு எத்தனை என்ற பேச்சு. இதனால்தான் அன்றைய எண்ணிக்கை பல இடங்களில் ராத்திரியெல்லாம் நீண்டு மறுநாளைக்குப் போனது. நான் போனது காலையில், எங்கள் பெட்டி மேஜைக்கு வந்தபோது ராத்திரி பத்து மணி. கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்க்கிறேன். சீப்பு, ஏணி, ஏணி, சீப்பு, பூட்டு சாவி, சீப்பு, ஏணி, ஏணி, ஏணி. எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

ஒரு சீட்டு வந்தது, அதில் இரண்டு முத்திரை. ஒன்று ஏணியில், இன்னொன்று சீப்பில், மங்கலாக. செல்லாத ஓட்டு என்று ஒருவர் சொன்னார். அலுவலர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மடித்து, பிரித்துக் காட்டினார். சீப்பில் இருந்தது மை காயாமல் மடித்ததால் ஒட்டிய தடம், திருப்பிப் போட்ட மாதிரி இருந்தது. உண்மையான முத்திரை ஏணியில்தான். நானும் பார்த்தேன், ஏணிக்குத்தான். "ஒத்துக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். ஒத்துக்கொண்டேன். யாரோ ஒரு பாட்டி, வரிசை சத்தம் போடுகிறதே என்ற அவசரத்தில் மடித்திருப்பார். அவர் யாருக்குப் போட நினைத்தாரோ அவருக்கே போய்ச் சேர வேண்டும்.

ஒன்பது ஓட்டு! சீப்பு ஒன்பது ஓட்டில் ஜெயித்தது! வெளியே தெருவிளக்கடியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்ற மதினியிடம் ஓடினேன். மூச்சு வாங்குகிறது, வார்த்தை வரவில்லை, இரண்டு கையையும் தூக்கி ஒன்பது விரலைக் காட்டினேன். "ஒம்பது ஓட்டுல போச்சா?" என்றார் மதினி. "வந்துச்சு மதினி, வந்துச்சு!" அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏணிச் சின்னத்தில் நின்ற அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மதினியின் கையைப் பிடித்தார். "தண்ணி மட்டும் கொண்டுவந்துரு" என்றார். அந்த அக்கா வீடு மூன்றாவது தெருவில், குழாய் சொட்டுகிற தெருவில்.

அடுத்த நாள் பேப்பரில், மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் 79 வயது வீரம்மாள் ஊராட்சித் தலைவராக ஜெயித்த செய்தி வந்தது. மதினி அந்தப் படத்தை வெட்டி நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். "எனக்கு நாப்பத்தொண்ணு, இன்னும் எத்தனை எலெக்சன் இருக்கு பாரு பாப்பா" என்றார். 2021-இல் மீதி மாவட்டங்களுக்குத் தேர்தல் நடந்தபோது நெல்லையில் சிவந்திபட்டியில் 90 வயது பெருமாத்தாள் ஜெயித்தார். அந்தப் படமும் நோட்டுக்குள் போனது.

ஜனவரி 6-ஆம் தேதி பதவியேற்பு. 11-ஆம் தேதி துணைத் தலைவர் தேர்தல். வார்டு மெம்பர்கள் ஓட்டுப் போட்டுத்தான் துணைத் தலைவர் வருகிறார், தலைவரோடு சேர்ந்து ஊராட்சிக் காசோலையில் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் அவருக்கு உண்டு. சம்பளம் இல்லாத இந்த வார்டு மெம்பர் பதவியின் ஓட்டுக்கு அந்த ஐந்து நாளில் எத்தனை பேர் வீடு தேடி வந்தார்கள்! மதினி எல்லோருக்கும் காபி கொடுத்தார், எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார், நாலாவது தெருக் குழாயைப் பற்றி. வால்வை எந்த இடத்தில் மாற்ற வேண்டும் என்று தெளிவாகப் பதில் சொன்ன ஒருவருக்குத்தான் ஓட்டு.

கடைசி வேலை, கணக்குக் கொடுப்பது. முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும், ஜெயித்தவர் தோற்றவர் எல்லோரும். உத்திரமேரூர்க் கல்வெட்டில், கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வாரியத்துக்கு வரக் கூடாது என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் வெட்டி வைத்திருப்பதை மதினிக்குச் சொன்னேன். "உறவுக்காரங்களுமா?" என்று கேட்டு, அண்ணனைக் கூப்பிட்டுக் கூட்டலை மறுபடி சரிபார்க்கச் சொன்னார். மொத்தம் 5,840 ரூபாய். ஒன்றிய ஆபீஸில் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு ஒப்புகை கேட்டு வாங்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பினார். கோலம் போடும் நேரத்தில் எழுதிய குறைகள் பதினேழு பக்கத்துக்கு இருந்தன. பேனாவை எடுத்து முதல் வரிக்குப் பக்கத்தில் தேதி போட்டார். "பாதை லைட்டு, மூணு கம்பம், பல்பு இல்லை." பஸ் ஆடியதில் எழுத்து கோணலாக வந்தது. அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றதும் அதை அடித்துவிட்டு மறுபடி நேராக எழுதினார்.